என்னைவிட நிறமான கறுப்பு ரீச்சர்

தொண்ணூறுகளின் நடுவில் இத்தாலியின் பலேர்மோவில், சிஞ்ஞோரா என்று நான் கூப்பிடும் ஓர் இத்தாலிய அம்மாவின் வீட்டில் வேலை செய்துகொண்டிருந்தேன். மூன்றாம் மாடி. சமையல், துடைப்பு, இஸ்திரி எல்லாம் என் பொறுப்பு. கணவர் இறந்த பிறகு வெறுமனே கிடந்த ஓர் அறையை சிஞ்ஞோரா வாடகைக்கு விட்டுவந்தார். ஒரு நாள், அமெரிக்காவிலிருந்து ஓர் ஆசிரியை இரண்டு மாதம் தங்க வருகிறார் என்றார். யாழ்ப்பாணத்தில் நான் படித்த ஆங்கிலத்துக்கு அந்த வீட்டில் அன்றுதான் மரியாதை கிடைத்தது.

அமெரிக்காக்காரி என்றதும் மஞ்சள் தலைமயிரும் நீலக் கண்ணும் என் மனதில் வந்து நின்றன. கண்ணுக்குப் பொருத்தமாக நீலப் பூப்போட்ட விரிப்பைத் தேடி எடுத்து விரித்தேன்.

அவர் வந்த நாள் பெட்டியைத் தூக்கக் கீழே இறங்கினேன். வாசலில் நின்றவருக்கு ஐம்பது வயதிருக்கும். சுருட்டை முடி, தடித்த கண்ணாடி, என்னைவிட வெளுத்த பழுப்பு நிறம். நான் அவருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன், அமெரிக்காக்காரி எங்கே என்று.

கட்டடக் காவலாளிக்கு அந்தக் குழப்பம்கூட இல்லை. எங்கள் இருவரையும் ஒரே பார்வையில் அளந்துவிட்டு, பின்பக்கப் படிக்கட்டைக் கையால் காட்டினார். வேலைக்காரருக்கு அந்தப் படிதான். குப்பைத் தொட்டிகளைத் தாண்டி நான்கு வருடமாக நான் ஏறி இறங்கிய படி. லிஃப்ட் குடியிருப்பவர்களுக்கு மட்டும்.

“என்னவாம் சொல்லுறார்?” என்று வந்தவர் என்னைக் கேட்டார். அவர் பேசியது ஆங்கிலம்தான். நினைவில் அது என் தமிழாகவே தங்கிவிட்டது.

எனக்கு வெட்கம். “லிஃப்ட் பழுதாம் ரீச்சர்” என்று ஒரு பொய்யைச் சொன்னேன்.

அந்த நேரம் பார்த்து லிஃப்ட் கதவு திறந்தது. இரண்டாம் மாடி டாக்டர் தன் நாயோடு வெளியே வந்தார். ரீச்சர் நாயைப் பார்த்தார், லிஃப்டைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

“நாய்க்குப் பழுதில்லை போல.”

உண்மையைச் சொன்னேன். அவர் சத்தம் போடவில்லை. பெட்டியை லிஃப்டுக்கு முன்னால் நடுவாக வைத்து அதன் மேல் உட்கார்ந்தார். பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து வாசிக்கத் தொடங்கினார். காவலாளி இத்தாலியனில் கெஞ்சினார், பிறகு உள்ளூர்ப் பேச்சான சிசிலியனில் திட்டினார். ரீச்சர் பக்கத்தைப் புரட்டினார். ஓடவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் நான் தூணோடு தூணாக நின்றேன்.

அரை மணித்தியாலம் கழித்து, தலையில் சுருள் கிளிப்புகளோடு சிஞ்ஞோரா இறங்கி வந்தார். “அமெரிக்கானா! இவ அமெரிக்காக்காரி!” என்று அவர் கத்தியதுதான் தாமதம், காவலாளி தொப்பியைக் கழற்றிவிட்டுப் பெட்டியைத் தானே தூக்கி லிஃப்டுக்குள் வைத்தார். ஒரு நிமிடத்துக்கு முன் இருந்த அதே முகம், அதே தோல். நாட்டின் பெயர் மட்டும்தான் இடையில் வந்தது. ரீச்சரும் அதைக் கவனித்திருந்தார். அவர் முகத்தில் சிரிப்பு வரவில்லை.

லிஃப்டுக்குள் ஏறிக் கதவைப் பிடித்துக்கொண்டு, “வாரும்” என்று என்னைக் கூப்பிட்டார்.

“நான் படியாலை வாறன் ரீச்சர்.”

“அப்ப நானும் இறங்குறன்.”

திரும்பவும் பெட்டியில் உட்கார்ந்துவிடுவாரோ என்ற பயத்தில் ஏறினேன். சிஞ்ஞோரா என்னைப் பார்த்து வாயைத் திறந்தார், ரீச்சரைப் பார்த்து மூடிக்கொண்டார்.

அன்று பின்னேரம் குசினியில் தேத்தண்ணி குடிக்கும்போது, “பெட்டியிலை அப்பிடி இருக்க எங்கை பழகினீங்கள்?” என்று கேட்டேன்.

அவருடைய தாய் காலமெல்லாம் வெள்ளையர் வீடுகளில் சமைத்தவராம். போவதும் வருவதும் பின்கதவால். ரீச்சர் படித்த பள்ளிக்கூடத்துக்கு, வெள்ளைப் பிள்ளைகள் கிழித்து முடித்த புத்தகங்கள்தான் வருமாம். கல்லூரிக் காலத்தில், கறுப்பர்களுக்குச் சாப்பாடு தராத ஒரு கடையில், தரும்வரை எழும்புவதில்லை என்று தோழர்களோடு போய் உட்கார்ந்திருக்கிறார். அங்கிருந்த வெள்ளையர்கள் தலையில் சீனியைக் கொட்டினார்கள், முதுகில் குத்தினார்கள்.

“அதுக்கு முதல் தேவாலயத்திலை வைச்சு எங்களுக்குப் பயிற்சி தந்தவை. சண்டை பிடிக்க இல்லை, அசையாமல் இருக்க.”

உட்காருவதற்குப் பயிற்சி வேண்டும் என்று அன்றுவரை எனக்குத் தெரியாது. என் கணவர் ஞாயிற்றுக்கிழமைகளில் எந்தப் பயிற்சியும் இல்லாமலே உட்கார்ந்திருப்பார்.

இன்னொன்றும் எனக்கு விளங்கவில்லை. “நீங்கள் கறுப்பு இல்லையே ரீச்சர். என்னைவிட எவ்வளவு நிறம்! எங்கடை ஊரிலை உங்களை வெள்ளை எண்டுதான் சொல்லுவினம்.” நான் அதைப் பாராட்டாகத்தான் சொன்னேன்.

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். “பூட்டன் ஒருத்தர் கறுப்பெண்டாலே, எங்கடை ஊர்ச் சட்டம் எங்களைக் கறுப்பெண்டுதான் எழுதினது. கேவலப்படுத்த எழுதினவை. நாங்கள் அந்தச் சொல்லை எடுத்துக் கழுவித் துடைச்சு எங்கடை ஆக்கிட்டம். நீர் அதை என்னட்டை இருந்து கழட்டப் பாக்கிறீர்.”

நான் அவருடைய கோப்பையில் இன்னும் கொஞ்சம் தேத்தண்ணி ஊற்றினேன்.

அடுத்த ஞாயிறு போர்கோ வெக்கியோ என்ற பகுதியில் இருந்த எங்கள் வீட்டுக்கு அவரைச் சாப்பிடக் கூப்பிட்டேன். என் கணவர் கதவைத் திறந்துவிட்டு என் காதில், “அமெரிக்காக்காரி எண்டீர்?” என்றார். மூன்று நாளுக்கு முன் நானும் அதைத்தான் நினைத்தேன் என்பதை மறந்து அவரை முறைத்தேன்.

கணவாய்க் கறியும் புட்டும் ரீச்சருக்குப் பிடித்துப்போனது. மேசை ஓரத்தில் பாதி எழுதிய ஒரு கடிதம் கிடந்தது. கணவர் தன் தம்பிக்குப் பெண் பார்க்கச் சொல்லிக் கொழும்புத் தரகருக்கு எழுதுவது. இது என்ன என்று ரீச்சர் கேட்டார். நான் வரிவரியாக மொழிபெயர்த்தேன்: படித்த பெண், அமைதியான பெண், அடுத்து...

“அடுத்தது?”

“பொம்பிளை நல்ல நிறமாய் இருக்கவேணும்” என்று மெதுவாகச் சொன்னேன்.

ரீச்சர் மாப்பிள்ளையின் படத்தைக் கேட்டு வாங்கினார். தம்பி நல்ல அடுப்புக்கரி. படத்தைப் பார்த்தார், என் கணவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு, “அப்ப இந்தப் பெடியனுக்கும் ஒரு பின்படி இருக்குதோ?” என்று கேட்டார்.

அதை நான் தமிழில் சொல்லவேண்டியிருந்தது. சொன்னேன். கணவர் மிச்சப் புட்டைச் சாப்பிட்டு முடித்தார். கை கழுவிவிட்டு வந்து, அந்த வரியின் மேல் பேனாவால் கோடு போட்டார்.

ரீச்சர் ஊருக்குத் திரும்பிய பிறகுதான் தரகரின் பதில் வந்தது. நிறத்தைப் பற்றி ஒன்றும் எழுதவில்லையே, மாப்பிள்ளைக்குக் கண்ணில் ஏதும் குறையோ என்று பெண் வீட்டார் விசாரிக்கிறார்களாம். கணவர் அதை இரண்டு தரம் வாசித்தார். முதல் தரம் கோபம், இரண்டாம் தரம் சிரிப்பு. “என்ன எழுத?” என்று என்னைக் கேட்டார்.

“கண் நல்லாத் தெரியுதெண்டு எழுதுங்கோ” என்றேன்.