கருகின வாடை

ஆபத்து என்று தெரிந்தே நான் ஒருவருக்குக் கார் விற்றேன். எழுபதுகளில் எங்கள் தொழிற்சாலை உருவாக்கிய, இரண்டு பேர் உட்காரும் வேகக் கார் அது. கொடைக்கானல் இறக்கத்தில் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போனதைச் சோதனையிலேயே கண்டும், உற்பத்தி தள்ளிப்போகக் கூடாதென்று மறைத்தேன்.

வாங்கியவர் நரைத்த மீசை வைத்த ஆயக்குடிக் கொய்யா வியாபாரி. எதையும் முகர்ந்து பார்த்தே வாங்குவார். நான் மலையில் ஓட்டிக் காட்டி நிறுத்தியதும் சக்கரத்தருகே குனிந்தார்.

"கருகின வாடை அடிக்குதேங்க?"

"புது வண்டி அப்படித்தான்" என்றேன்.

"படிச்சவங்க சொல்றீங்க" என்று சிரித்தார்.

உற்பத்தி நின்றபின், உறுத்தல் தாங்காமல் புது பிரேக்கோடு அவரிடம் போய் உண்மையைச் சொன்னேன். அவர் முகம் வெளுத்தது.

"கொடைக்கானல்ல ஒரு புதுமாப்பிள்ளைக்கு வித்துட்டேங்க. அவனும் வாடை அடிக்குதுன்னான். நீங்க சொன்னதையே சொன்னேன். மறுவீட்டுக்கு இன்னைக்குத்தான் பொண்ணோட எறங்குறான்."

உடனே இருவரும் என் காரில் மலையேறினோம். அவர் கண்ணாடியை இறக்கி, வளைவுக்கு வளைவு காற்றை முகர்ந்துகொண்டே வந்தார். உடைந்த தடுப்புச்சுவர் ஒன்றின் அருகே, "நிறுத்துங்க" என்றார்.