மூன்றாவது கூப்பாடு

எனக்குப் பேரம் பேச வராது. வராது என்பதுகூட மரியாதையான சொல். போன மாதம் தள்ளுவண்டிக்காரர் ஒருவரிடம் மாதுளை விலை கேட்டேன். "நாப்பது" என்றார். முகத்தை உறுதியாக வைத்துக்கொண்டு, "அதெல்லாம் முடியாது, அம்பதுதான் தருவேன்" என்றேன். அவர் என்னைச் சற்று நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு, மிகவும் நஷ்டப்பட்டு ஒத்துக்கொள்கிறவர் போல, "சரி, குடும்மா" என்றார். சிக்கனமாகக் குடும்பம் நடத்துவது எப்படி என்று ஒரு பத்திரிகைக்குக் கட்டுரை எழுதி, அந்தச் சன்மானத்தில்தான் அந்த மாதுளையை வாங்கினேன் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

இந்தக் கோளாறு பிறவியில் வந்ததல்ல. எழுபதுகளின் நடுவில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, மகாபலிபுரத்தில் சாயங்காலம் ஐந்தரை மணிக்கு வந்தது. அப்போது எனக்கு ஒன்பது வயது.

செங்கல்பட்டில் எங்களோடு இருந்த அத்தை, அப்பாவின் தங்கை, ஒரு சர்க்கார் ஆபீசில் டைப்பிஸ்ட். வாரம் ஆறு நாள் மற்றவர்கள் எழுதியதை அடித்துக்கொண்டிருந்தவள், ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர் பார்க்கக் கிளம்பிவிடுவாள். கையில் நானும் தம்பியும், தூக்கில் புளிசாதம், தோளில் ஒரு துண்டு. அத்தையைப் போலக் குறைந்த காசில் உலகம் பார்த்தவர்களை நான் இன்றுவரை சந்திக்கவில்லை. அன்று கலங்கரை விளக்கத்தில் ஏறக் காசு கேட்டார்கள். "கீழேருந்து பாத்தாலும் அது அதே உசரம்தான்" என்று சொல்லி எங்களை நகர்த்திக்கொண்டு போனாள். வெள்ளைக்காரர்களுக்கு கைடு ஒருவர் சிற்பங்களை விளக்கிக்கொண்டிருந்தபோது, அவர்களோடு வந்தவர்கள் போல அரை மணி நேரம் ஒட்டி நின்று கேட்டோம். அது பிரெஞ்சு என்று பிறகு தெரிந்தது. இலவசம் என்பதால் அத்தைக்கு வருத்தமில்லை.

இந்தப் பயணங்களில் எங்கள் இருவருக்கும் வேலை உண்டு. தம்பிக்கு ஐந்து முடிந்திருந்தது. ஆனால் பஸ்ஸில் ஏறியதும், "எனக்கு மூணு முடியல" என்று சொல்ல வேண்டும். சொல்லும்போது காலை மடக்கிக்கொள்ள வேண்டும். இரண்டாவது வேலை, சீட்டுப் பிடிப்பது. ஜன்னல் வழியாக அவனை உள்ளே தள்ளிவிட்டு, துண்டையும் தூக்கையும் கொடுத்தால், மூன்று பேர் சீட்டை அவன் ஒருவனே அடைத்துக்கொள்வான். யார் கேட்டாலும், "ஆள் வராங்க." வேறு பேச்சு பேசக் கூடாது. இடத்தைவிட்டு எழுந்திருக்கக் கூடாது.

என் வேலை கடைத்தெருவில். அத்தையின் பேரத்தில் உச்சகட்டம் என்பது நடந்து போய்விடுவது. விலை படியவில்லையென்றால் பொருளை அலட்சியமாக வைத்துவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு கிளம்புவாள். நாலு எட்டு போனதும் என் கையை ஒருமுறை அழுத்துவாள். உடனே நான், "பஸ் போயிடும், வா அத்தை!" என்று கடைக்காரர் காதில் விழும்படி கத்த வேண்டும். இரண்டாவது முறை அழுத்தினால் அழுகை கலந்து கத்த வேண்டும். திரும்பிப் பார்க்கக் கூடாது. கடைக்காரர் கூப்பிடுவார். முதல் கூப்பாடு சும்மா, இரண்டாவது கோபத்தில் வருவது, மூன்றாவதுதான் விலை குறைப்பதற்கு என்பது அத்தையின் கணக்கு. மூன்றாவதுக்குத்தான் நிற்க வேண்டும். எனக்கு இதில் நல்ல பெயர். நிஜக் கண்ணீர்கூட வரவழைப்பேன்.

அன்று அத்தை ஆசைப்பட்டது ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி. சுற்றிலும் சிப்பி பதித்தது. காலையிலேயே பார்த்துவிட்டு, ஆசைப்படாதவள் போலக் கடந்து போயிருந்தாள். மத்தியானம் ஒருமுறை விலை கேட்டாள். சாயங்காலம் ஐந்து மணிக்குச் செங்கல்பட்டு பஸ் வந்து நின்றதும், தம்பியை ஜன்னல் வழியாக உள்ளே அனுப்பிவிட்டு என்னை இழுத்துக்கொண்டு மூன்றாவது முறையாக அந்தக் கடைக்குப் போனாள். அடுத்த பஸ் எட்டு மணிக்கு. ஆனால் அவசரமில்லை என்றாள். டீக்கடை வாசலில் டிரைவர் அப்போதுதான் கிளாசைக் கையில் வாங்கியிருந்தார். டீ முடிய வேண்டும், வெற்றிலை போட வேண்டும். கால் மணி நேரம் நிச்சயம்.

காக்கிச் சட்டை போட்ட அந்த மனிதர் வேறொரு பஸ்ஸின் டிரைவர் என்பது எங்களுக்குத் தெரியாது.

"ஆறு ரூபாய்க்குக் கீய எறங்க மாட்டேம்மா" என்றார் கடைக்காரர். "காலைலேர்ந்து மூணு வாட்டி வந்துகினு கீற, ஒனக்கோசரம் எறங்கினது இது."

"அஞ்சு" என்றாள் அத்தை.

"சிப்பி பொறுக்கின கூலிகூட கட்டாதும்மா."

அத்தை கண்ணாடியை அவர் கையிலேயே கொடுத்துவிட்டு என் கையைப் பிடித்தாள். பஸ் நிற்கும் பக்கம் போனால், ஊருக்கே கிளம்பிவிட்டோம் என்று அவர் கூப்பிடாமல் விட்டுவிடுவார் என்பதால், வேறு கடை தேடுகிறவர்கள் போல எதிர்ப்பக்கம், சிற்பப் பாறையை நோக்கி நடந்தோம். நாலு எட்டு. கையை அழுத்தினாள்.

"பஸ் போயிடும், வா அத்தை!"

பின்னால் எஞ்சின் உறுமியது. சட்டத்தை மீறித் திரும்பிப் பார்த்தேன். எங்கள் பஸ் பின்னால் நகர்ந்து, வளைந்து, திருக்கழுக்குன்றம் சாலைப் பக்கம் மூக்கைத் திருப்பிக்கொண்டிருந்தது. ஜன்னலில் எங்கள் துண்டின் ஒரு முனை ஆடியது.

"அத்தை, பஸ் போகுது" என்றேன்.

அத்தை கையை இரண்டாம் முறை அழுத்தினாள். அழுகை கலந்து சொல் என்று அர்த்தம். கலப்பதற்கு அவசியமே இருக்கவில்லை. "அத்தை, நெஜமா போகுது, தம்பி உள்ள இருக்கான்!" என்று கத்தினேன். அவள் முன்னால் பார்த்தபடியே, உதடு அசையாமல், "ரொம்ப நல்லா இருக்கு, இன்னும் கொஞ்சம்" என்றாள்.

"யம்மோவ்!" என்றார் கடைக்காரர்.

அத்தை நடந்தாள்.

"யம்மா, நில்லும்மா!"

அத்தை நடையைச் சற்று எட்டிப் போட்டாள். நான் கையை உதறினேன், விடவில்லை. அவள் முகத்தில் நிம்மதியான, லேசான சிரிப்பு ஒன்று இருந்தது. உண்மையைச் சொல்லிக்கொண்டிருப்பவள் நான்; அதை நடிப்பு என்று பாராட்டிக்கொண்டிருப்பவள் அத்தை. அதற்கு மேல் சத்தமாகச் சொல்ல என்னிடம் குரல் இல்லை, வேறு வார்த்தையும் இல்லை.

மூன்றாவது கூப்பாடு வந்தது. வெற்றிப் புன்னகையோடு அத்தை திரும்பினாள். கடைக்காரர் கண்ணாடியும் கையுமாக எங்களை நோக்கி ஓடி வந்துகொண்டிருந்தார்.

"இன்னாம்மா, செவுடா நீ? பஸ்ஸு பூட்ச்சு! உன் புள்ள அதுல கீது!"

ஒரு முகம் இவ்வளவு வேகமாக வெளுக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. அத்தை செருப்பை விட்டுவிட்டு ஓடினாள். பஸ் நின்றிருந்த இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது. காக்கிச்சட்டைக்காரர் இன்னும் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

கடைக்காரர் கடையை அப்படியே போட்டுவிட்டுச் சாலையின் நடுவில் போய் நின்று, சவுக்குக் கட்டை ஏற்றிக்கொண்டு வந்த லாரி ஒன்றைக் கையைக் காட்டி நிறுத்தினார். "அண்ணாத்த, கொயந்த பஸ்ஸுல தனியா போவுது, கொஞ்சம் வெரட்டிப் புடி." அத்தை மணிபர்சைத் திறந்தாள், எவ்வளவு என்று கேட்கவில்லை. பர்சை அப்படியே டிரைவரிடம் நீட்டினாள். வாழ்க்கையில் முதல்முறையாக அத்தை விலை கேட்காததை நான் பார்த்தேன். அவர், "பர்ச உள்ள வச்சுகினு ஏறும்மா மொதல்ல" என்றார். லாரி கிளம்பியபோது கடைக்காரர் சாலையிலேயே நின்றிருந்தார். அவர் கையிலிருந்த கண்ணாடியில் வெயில் பட்டு எங்கள்மேல் ஒருமுறை அடித்தது.

அந்தப் பதினைந்து கிலோமீட்டர் போல ஒரு தூரத்தை நான் அதன்பிறகு கடந்ததில்லை. சவுக்குக் கட்டை பாரத்தில் லாரி முனகிக்கொண்டே போனது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் டிரைவர் தலையை வெளியே நீட்டி, "இந்தாப்பா, சின்னப் புள்ள ஒண்ணு எறங்கிச்சா?" என்று கேட்டார். ஒவ்வொரு இடத்திலும் உதட்டைப் பிதுக்கினார்கள். தோப்புகளுக்குப் பின்னால் வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. தம்பி எழுந்திருக்க மாட்டான் என்று எனக்குத் தெரியும். ஆனால் அவனுக்கு ஒன்றுக்கு வந்தால்? யாராவது பெரியவர், "உங்க அம்மா அங்க இருக்காங்க, வா" என்று சொன்னால்? அத்தை என் கையைப் பிடித்திருந்தாள். ஒரு வளைவில் அந்தக் கையைப் பலமாக அழுத்தினாள்.

எனக்கு அந்த அழுத்தத்துக்கு ஒரே ஒரு அர்த்தம்தான் தெரியும். நல்ல பிள்ளையாக, லாரி அதிரும்படி, "பஸ் போயிடும், வா அத்தை!" என்று கத்தினேன்.

டிரைவர் திடுக்கிட்டு பிரேக்கை மிதித்தார். அத்தை என்னைப் பார்த்தாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு, கையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். மறுபடி கத்த வேண்டுமா, வேண்டாமா என்று புரியாமல் மீதி வழி முழுக்கத் தவித்தேன்.

திருக்கழுக்குன்றத்தில் பஸ் நின்றிருந்தது. உள்ளே நிற்க இடமில்லாத கூட்டம். நடுவில் மூன்று பேர் சீட்டில் தம்பி குறுக்கே படுத்திருந்தான். தலைமாட்டில் தூக்கு, கால்மாட்டில் துண்டு. "இன்னா புள்ளம்மா இது, ஒக்கார வுடமாட்டேங்குது, கடிக்க வருது" என்றாள் மீன்கூடையோடு வழி முழுக்க நின்று வந்த ஓர் அம்மாள்.

கண்டக்டர் அத்தையைப் பிடித்துக்கொண்டார். "நீ எல்லாம் ஒரு பொம்பளையா? மூணு வயசுகூட ஆவாத கொயந்தய தனியா அனுப்பிச்சுகினு கீற! கேட்டா, 'மூணு முடியல, ஆள் வராங்க', இதையே சொல்லுது. ஆளு எங்கடா வருதுன்னா அதுக்கும் மூணு முடியலங்குது."

பஸ்ஸே அத்தையைப் பார்த்தது. அத்தை தம்பியை மடியில் தூக்கி வைத்துக்கொண்டாள். அவன் பழக்கத்தில் காலை மடக்கிக்கொண்டான். அவள் அந்தக் காலை நீட்டிவிட்டாள்.

"அஞ்சு முடிஞ்சுது" என்றாள். "அரை டிக்கெட் குடுங்க. காலைல வந்ததுக்கும் சேத்து."

"காலைல வந்ததுக்கு இப்ப நா எப்டிம்மா டிக்கெட் கிழிக்கறது?" என்றார் கண்டக்டர். கோபம் போன இடம் தெரியவில்லை.

செங்கல்பட்டு வரும்வரை அத்தை என் கையை விடவில்லை. அவ்வப்போது அழுத்தினாள். நான் ஒவ்வொரு முறையும் வாயைத் திறந்து மூடிக்கொண்டேன். பயந்தவர்கள் பக்கத்தில் இருக்கிற கையைச் சும்மாவே பிடித்துக்கொள்வார்கள், அதற்குப் பதில் எதுவும் கத்த வேண்டியதில்லை என்பது எனக்குப் புரிய இன்னும் பல வருஷங்கள் ஆயின.

போன வாரம் இதை எழுதி முடித்து, அத்தைக்குப் படித்துக் காட்டினேன். எண்பதைத் தாண்டியவள், கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். படித்து முடித்ததும் கண்ணைத் திறந்தாள்.

"இன்னும் ரெண்டு எட்டு நடந்திருந்தா," என்றாள், "அஞ்சுக்கே குடுத்திருப்பான்டீ."