ஆர்டெல்லாவின் நட்சத்திரப் போர்வை

எங்கள் ஊரில் கல்யாணம், கருமாதி எல்லாம் கேசினோவுக்குள்தான். பள்ளிக்கூட மண்டபத்தின் கூரை பனிப் பாரம் தாங்காமல் விழுந்தது; கட்டித் தருகிறோம் என்று அமெரிக்கப் பழங்குடிகளான எங்கள் டகோடா இனத்துப் பேரவை வாய் கிழியப் பேசியதோடு சரி. கேசினோ வந்தால் பிழைத்துக்கொள்வோம் என்றார்கள். பிழைப்பு வந்தது, பொய் சொல்லக் கூடாது. நானே அங்கே வாசல் காவலாளி.

ஆர்டெல்லா என் பெரியப்பா மகள். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். பிள்ளைகளை இறக்கிவிட்ட கையோடு கேசினோவில் சூதாட்ட மெஷின் முன்னால் உட்கார்ந்தால் எழுந்திருக்கவே மாட்டாள். மகன் மார்லன் வீட்டில் தனியாகக் காய்ந்த ரொட்டியைத் தின்றுவிட்டுத் தூங்குவான். நான் திட்டாத திட்டில்லை. ஒருநாள் அவளாகவே வந்து, இனி ஆயுசுக்கும் என்னை உள்ளே விடாதீர்கள் என்று போட்டோ கொடுத்துக் கையெழுத்துப் போட்டாள். நல்லதுதான். ஆனால் அதன் பிறகு ஊரில் எந்த விசேஷமும் அவளுக்கு இல்லை. பெரியப்பாவின் கருமாதிச் சாப்பாட்டையே வெளியே வண்டிக்குள் உட்கார்ந்துதான் சாப்பிட்டாள்.

வளர்ந்து பட்டாளத்துக்குப் போயிருந்த மார்லன் திரும்பினான். அவனுக்கும் கூடத் திரும்பியவர்களுக்கும் கேசினோ மண்டபத்தில் வரவேற்பு. திரும்பி வந்த வீரனின் தோளில், ஊரார் முன்னால், வீட்டார் நட்சத்திரப் போர்வை போர்த்துவது எங்கள் வழக்கம். அவன் போன நாளிலிருந்து அவள் அதைத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். போர்வையோடு வாசலில் வந்து நின்றாள்.

"உள்ள போக்கா. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிறேன்."

"உனக்கு வேலை போயிடும்டா."

"போனா போகட்டும். பெரிய ராஜாங்க உத்தியோகம் பாரு."

கண்ணாடிக் கதவு வழியே உள்ளே பார்த்தாள். மண்டபத்துக்கு மெஷின்களுக்கு நடுவேதான் வழி. கட்டியவன் தெரிந்துதான் கட்டியிருக்கிறான்.

"வேணாம் தம்பி. போறப்போ தாண்டிப் போயிடுவேன். போத்திட்டு சந்தோஷமா திரும்பி வருவேன் பாரு, அப்போ உக்காந்துடுவேன்."

"அப்போ அவன வெளிய கூட்டிட்டு வரேன்."

"ஊரே உள்ள இருக்கு. வண்டி நிறுத்தற எடத்துல போத்திக்க அவன் என்ன நாதியத்தவனா? நீ தாய்மாமன். நீ போத்து."

போர்வையை என் கையில் திணித்தாள். நான் உள்ளே போனேன்.

உள்ளே முரசு தொடங்கி, மார்லன் பெயரை அழைத்துக்கொண்டிருந்தார்கள். மண்டபத்தில் அவன் இல்லை. சீருடையோடு ஒரு மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தான்.

"உன்னைக் கூப்புடறாங்கடா. அம்மா வெளிய நிக்கறா."

"ஒரு நிமிஷம் மாமா. இப்பத்தான் சூடு பிடிக்குது."

அறையலாம் போலிருந்தது. காத்துக்கொண்டு நின்றேன். முரசு ஓய்ந்து, வேறு பெயரை அழைத்தார்கள். அங்கேயே போர்வையைப் பிரித்து அவன் தோளில் போட்டேன். ஒரு கையால் இழுத்துச் சரிசெய்துகொண்டான். மறு கையைப் பொத்தானிலிருந்து எடுக்கவில்லை.

வெளியே வந்தேன்.

"போத்தினியா?"

"போத்தினேன்க்கா."

"அழுதானா?"

"அழுதான்."

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நான் கையெழுத்துப் போட்டது வீண் போகலடா," என்றாள்.