பூபதி மகள் மணியடிக்கவில்லை

படகை இழுத்துக் கட்டும்போதே பூபதி யாரையாவது திட்டிக்கொண்டிருப்பார். ஆள் கிடைக்காவிட்டால் நண்டு. வலையில் சிக்கிய அதன் காலை விடுவித்தபடியே, "இன்னா மொறைக்கிற? நானா உன்ன வரச் சொன்னேன்?" என்பார். அவர் குரல் கேட்காத நாளில், காய்ச்சலோ என்று ஏரிக்கரை ஊரான பசியாவரத்தில் வந்து எட்டிப் பார்ப்பார்கள்.

தொண்டை முழுதாகத் திறப்பது பாடு விஷயத்தில்தான். பாடு என்றால் முறை. ஏரியில் இன்று எந்த இடத்தில் யார் வலை போடலாம் என்று ஊர் கூடி வைத்த முறை. போன மாதம் பக்கத்து வீட்டு எல்லப்பன் அடுத்தவர் முறையில் வலையை இறக்கிவிட, பூபதி போட்ட கூச்சலில் கொக்கெல்லாம் ஆந்திரா பக்கம் போய்விட்டதாகப் பேச்சு.

இந்த வாரத் திட்டு மகள் சந்தியாவுக்கு. பொன்னேரியில் ஒரு கல்யாண மண்டபத்தில் கணிதப் போட்டி. விடை தெரிந்தவர் முந்திக்கொண்டு மணியடிக்க வேண்டும். இதனால் தன்னம்பிக்கை வளரும் என்று சிறப்பு விருந்தினர், பிள்ளைகள் கொட்டாவி விடும்வரை பேசினார். முதல் கணக்குக்கே சந்தியா மணியடித்தாள். சரியான விடை. அப்புறம் மடியில் வைத்த கையை எடுக்கவே இல்லை. "போட்டி மனப்பான்மையே இல்லை. அடுத்த தடவை வேறு பிள்ளையைக் கூட்டிப் போகிறேன்" என்றுவிட்டார் மாலா டீச்சர்.

"பெல்லடிக்க இன்னாடி நோவு? கணக்கு தெரியலியா?"

"எல்லாம் தெரியும் நைனா. என் பாடுதான் முடிஞ்சிட்ச்சே! மத்த புள்ளைங்களும் ஒக்காந்துனுகீதுங்க இல்ல?"

"நீ வளத்த புள்ளதானண்ணா!" என்றான் எல்லப்பன், வெகு நாள் காத்திருந்தவன் போல.

பூபதி நேராகப் பள்ளிக்கூடம் போனார். "கணக்கு தெரியுமானு பாக்குறீங்களா, எவன் கை முந்துதுனு பாக்குறீங்களா டீச்சர்? எல்லாத்தையும் ஒருத்தியே வாரிக்கணும்னா அதுக்கு இன்னாத்துக்குப் பள்ளிக்கூடம்?"

டீச்சர் களைத்துப்போனார். "சரிங்க, சந்தியாவையே கூட்டிப் போறேன். ஆனா யாருக்கும் விட்டுக் கொடுக்கக் கூடாதுன்னு நீங்கதான் பழக்கணும்."

"பழக்கிட்டா போச்சு!" என்றார் பூபதி. மகள் போட்டிக்குப் போவதை விட அவருக்கும் மனமில்லை.

சாயங்காலமே பயிற்சி. மணிக்குப் பதில் கவிழ்த்துவைத்த அலுமினியத் தட்டு. எதிரணி, சின்ன மகள் வைஷ்ணவி. "எல்லாத்தையும் நீதான் அடிக்கணும், ஆமா!" என்று சந்தியாவை மிரட்டிவிட்டு, புத்தகத்தைப் பார்த்துக் கணக்கு கேட்டார் பூபதி. முதல் கணக்குக்குச் சந்தியா அடித்தாள். அடுத்ததற்கு வைஷ்ணவி விரல்விட்டு எண்ண ஆரம்பித்தாள். சந்தியா நைனாவின் முகத்தைப் பார்த்தாள். பயந்துபோய்த் தட்டில் அடிக்கக் கையை ஓங்கினாள்.

பூபதியின் உள்ளங்கை தட்டை மூடியது. கைவிரல் போதாமல் சின்னவள் கால்விரலுக்குப் போயிருந்தாள். அவர் கையை எடுக்கவில்லை.