கட்டுப்போட்ட விரலின் கையெழுத்து

கல்யாணமாகி இருபது வருஷம் ஆனபோது, ஒரு தடவையாவது கப்பலில் போய்வர வேண்டும் என்று என் கணவர் பிடிவாதமாக நின்றார். சுதந்திரம் வந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது. மதராஸில் ஏறி, பினாங்கு, போர்ட் ஸ்வெட்டன்ஹாம், சிங்கப்பூர் பார்த்துவிட்டு அதே கப்பலில் திரும்ப வேண்டும். இருபத்தைந்து நாள். காக்ஸ் டவுனில் எங்கள் தெருவே வந்து வாழ்த்திவிட்டுப் போனது. எனக்குச் சந்தோஷம் வரவில்லை. பதின்மூன்று வயதுப் பெண்ணை நாத்தனாரிடம் விட்டுவிட்டு எப்படிப் போவேன்?

"எறங்குற ஒவ்வொரு ஊர்லயும் அவ லெட்டர் எனக்குக் கெடைக்கணும். இல்லாட்டி நான் வரல" என்றேன்.

"அவ்வளவுதானே?" என்றார். கப்பல் ஏஜெண்டு ஆபீஸ் முகவரிக்கு எழுதினால் துறைமுகத்தில் வாங்கிக்கொள்ளலாமாம். அவர் அரசாங்க அலுவலகத்தில் தபால் பிரிவுத் தலைமைக் குமாஸ்தா. தபால் விஷயத்தில் அவர் சொன்னதை நான் ஏன் சந்தேகப்படப் போகிறேன்?

கிளம்புவதற்கு முந்தின நாள் காலையில், பூசணிக்காய் நறுக்கும்போது அரிவாள்மணை பெண்ணின் வலது ஆள்காட்டி விரலைப் பதம் பார்த்துவிட்டது. துருப்பிடித்த அரிவாள்மணை. மஞ்சளை வைத்து, பழைய வேட்டித் துணியைக் கிழித்துப் பெரிதாகக் கட்டுப் போட்டேன். மறுநாள் மதராஸ் வண்டி ஏறிய கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் அந்தக் கட்டுப்போட்ட விரலைத் தூக்கித்தான் எங்களுக்கு டாட்டா காட்டினாள்.

பினாங்கில் அவர் மட்டும் ஏஜெண்டு ஆபீசுக்குப் போய், உறையைக் கிழித்துப் போட்டுவிட்டதாகச் சொல்லிக் கடிதத்தை மட்டும் கொண்டுவந்தார். எழுத்துகள் ஒரு பக்கமாகச் சாய்ந்து, வரியை விட்டு இறங்கியிருந்தன. விரலில் கட்டு இருக்கிறதே, பாவம் என்று நினைத்துக்கொண்டேன். 'அத்தை ராகிக் களியை முத்தையாக உருட்டித் தந்தார்கள். இரண்டு சாப்பிட்டேன்' என்று எழுதியிருந்தாள். மனசு லேசானது. அன்றைக்கு மலை ரயிலில் ஏறி, குளிரில் அவரோடு நின்று போட்டோகூட எடுத்துக்கொண்டேன். போர்ட் ஸ்வெட்டன்ஹாமில் இரண்டாவது கடிதம். 'ஸ்கூலில் கயிறு தாண்டுவதில் நான்தான் முதல்.' அதே சாய்ந்த எழுத்து.

மூன்றாவதை, சிங்கப்பூரில் நான்கு நாள் சுற்றி முடித்துக் கப்பல் கிளம்பியபிறகுதான் கொடுத்தார். கரை பின்னால் போய்க்கொண்டிருந்தது. பிரித்தேன். விரல் வெட்டுப்பட்டுப் பத்து நாளுக்குப் பிந்திய தேதி; எழுத்து மட்டும் அப்படியே சாய்ந்திருந்தது.

"ஏங்க, வெரல்ல சீழ் வச்சிருக்கு. இன்னும் கட்டுப் பிரிக்கல. எழுத்தைப் பாருங்க."

"எழுத்தைப் பாத்து சீழைக் கண்டுபிடிக்க நீ என்ன டாக்டரா?"

"துருப்பிடிச்ச அரிவாள்மணைங்க. கப்பலைத் திருப்பச் சொல்லுங்க."

"ஆமா, கேப்டன் என் மச்சான் பாரு."

எங்கள் அறையில் வட்டமாக ஒரு ஜன்னல். திறக்கவே முடியாது. பெயிண்ட் நெடியும் இயந்திரத்தின் அதிர்வும் மூச்சை அடைத்தன. மேல்தட்டுக்குப் போனால் நாலு பக்கமும் தண்ணீர். இரண்டு நாள் நான் எதையும் வாயில் வைக்கவில்லை.

மூன்றாம் நாள் அவருக்குத் தாங்கவில்லை. "வெரலுக்கு ஒண்ணும் ஆகல. என்னை நம்பு" என்றார்.

"ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

சவரப் பெட்டியைத் திறந்து, அடியிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினார். நான்காவது கடிதம். பினாங்கில் திரும்ப நிற்கும்போது கொடுக்க வைத்திருந்தாராம். இன்னும் பிறக்காத ஒரு நாளின் தேதி அதில் இருந்தது.

அவர் ஆபீசில், காலைத் தபால் தவறாமல் இருக்க, மறுநாள் தேதி போட்டு முந்தின சாயங்காலமே கடிதங்களை டைப் அடித்து வைத்துவிடுவார்கள். அதையே வீட்டிலும் செய்திருக்கிறார். கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம், நான் உள்ளே பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தபோது, கட்டுப்போட்ட விரலோடு பெண்ணை உட்காரவைத்து நான்கையும் எழுதி வாங்கிவிட்டார்.

"தபாலை நம்ப முடியாது. ஒரு ஊர்ல லெட்டர் வரலேன்னாலும் நீ தவிச்சுப் போயிடுவே. அதான்..."

ஒரு நிமிஷம், விரலுக்கு ஒன்றுமில்லை என்ற நிம்மதிதான் வந்தது. அப்புறம்தான் உறைத்தது. நாங்கள் ரயிலேறிய நாளிலிருந்து அவளைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது. அவள் சாப்பிட்ட ராகி முத்தை, தாண்டிய கயிறு, எல்லாம் நடப்பதற்கு முன்னால் எழுதியவை.

கப்பலின் தந்தி அறையிலிருந்து நாத்தனாருக்குத் தந்தி கொடுத்தார். மறுநாள் பதில் வந்தது: எல்லோரும் நலம்.

"இதுவும் நீங்க சொல்லிக் கொடுத்ததா?" என்று கேட்டேன்.

"ஆமா" என்றார். தந்தி ஏதாவது வந்தால் நலம் என்றே பதில் கொடுக்கும்படி தங்கையிடம் சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தார். அதன்பின் யாரிடம் எதைக் கேட்பது? பினாங்கில் கப்பல் நின்றபோது நான் இறங்கவில்லை. மீதி நாட்களை அந்த வட்டக் கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்தே கழித்தேன். நான்காவது கடிதத்தை எத்தனை தடவை படித்தேனோ. 'ரெட்டைப் பின்னலில் மஞ்சள் ரிப்பன் கட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்கு வருவேன்' என்று முடிந்திருந்தது.

கன்டோன்மென்டில் வண்டி நின்றதும் குதித்து இறங்கி, அவள் வலது கையைத்தான் முதலில் பிடித்தேன். விரல் ஆறி, மெல்லிய வெள்ளைக் கோடு மட்டும் இருந்தது. கை குச்சியாக இளைத்திருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். தலையில் துணி கட்டியிருந்தாள். அதன் அடியில் முடி இல்லை.

"டைபாய்டு அண்ணி. நீங்க போன மறுநாளே காய்ச்சல் ஆரம்பிச்சிருச்சு. முடியெல்லாம் கொத்துக்கொத்தா கொட்டிச்சு, எடுத்துட்டோம். அண்ணன் சொல்லக் கூடாதுன்னாரு..." நாத்தனார் அழுதாள்.

அவர் இரண்டு பெட்டிகளையும் கையில் வைத்தபடியே நின்றார். கீழே வைக்கக்கூடத் தோன்றவில்லை அவருக்கு.

"அம்மா, லெட்டரெல்லாம் கெடைச்சுதா?" என்று பெண் கேட்டாள். கடிதம் கிடைத்ததா என்று கேட்டாளா, அப்பாவின் ஏற்பாடு பலித்ததா என்று கேட்டாளா, தெரியவில்லை.

"கெடைச்சுதும்மா" என்றேன். அந்த மஞ்சள் ரிப்பன் அவள் மணிக்கட்டில் சுற்றியிருந்தது.