திங்கட்கிழமைகளில் எழாத கணினி

பள்ளத்தூரில் ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் ஏழு வருஷம் கம்ப்யூட்டர் ஆபரேட்டராக இருந்தேன். நிரந்தர வேலை இல்லை. ஜூன் மாதம் ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு இன்னொரு வருஷத்துக்கு நீட்டிப்பார்கள். காரைக்குடியிலிருந்து காலை பஸ்ஸில் போய் இறங்கி, ஆபீஸைத் திறந்து, கம்ப்யூட்டரைப் போடுவதுதான் என் முதல் வேலை.

ஏழாவது வருஷம் மழைக்காலத்தில் ஒருநாள் அது எழவில்லை. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஒரே ஒரு வரி: டிஸ்க்கைக் காணோம் என்று. முந்தின நாள் சாயங்காலம் வரை வேலை செய்த டிஸ்க் எங்கே போகும்? அணைத்துவிட்டுக் கொஞ்சம் பொறுத்துப் போட்டேன். வந்துவிட்டது. மறுநாள் முதல் தடவையிலேயே வந்தது. அதற்கு மறுநாள் மறுபடியும் அந்த வரி.

பெரிய கிளார்க்கிடம் சொன்னேன். கம்ப்யூட்டரைத் தொடவே மாட்டார். ஆனால் நாள் முழுக்க அதற்கு எதிரில்தான் உட்கார்ந்திருப்பார்.

"இப்ப ஓடுதுல்ல?"

"ஓடுது சார்."

"பெறகென்ன?"

விடாமல் நச்சரித்த பிறகு காரைக்குடியில் சர்வீஸ் கடை வைத்திருந்தவரை வரச் சொன்னார்கள். அவருக்கு நாற்பது வயதிருக்கும். வேலை தெரிந்தவர். ஆனால் எப்போது வந்தாலும் மத்தியானம் மூன்று மணிக்குத்தான் வருவார். அதற்குள் மெஷின் ஐந்தாறு மணி நேரம் ஓடிச் சூடாகியிருக்கும். மூன்று தடவை அணைத்துப் போட்டார். மூன்று தடவையும் வந்தது.

"நல்லா இருக்கே மேடம்."

பெரிய கிளார்க் சிரித்தார். "ஏம்மா, ஒனக்குத்தான் சுவிட்ச் போடத் தெரியல போல."

அன்றைக்கு ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினேன். தினமும் எத்தனை மணிக்குப் போட்டேன், எத்தனாவது தடவை வந்தது என்று எழுதி வைத்தேன். ஒரு மாதம் போனதும் எனக்கே விளங்கிவிட்டது. செவ்வாய், புதனில் ஒன்று இரண்டு தடவை. திங்கட்கிழமை நாலு, ஐந்து. இரண்டு நாள் லீவு விட்டால் மோசம், தீபாவளி லீவு முடிந்து வந்தபோது படுமோசம். எவ்வளவு நேரம் ஆறிக் கிடக்கிறதோ அவ்வளவு முரண்டு பிடித்தது.

சர்வீஸ்காரருக்குப் போன் செய்து இதைச் சொன்னேன். டிஸ்க்குக்குப் போகும் வயரை மாற்றிப் பார்க்கச் சொன்னார். ஸ்டோர் ரூமில் கிடந்த பழைய மெஷினிலிருந்து வயரைக் கழற்றி நானே மாட்டினேன். பதினைந்து நாள் ஒரு தொந்தரவும் இல்லை. நம்மாலும் முடிகிறதே என்று அந்தப் பதினைந்து நாளும் கொஞ்சம் நிமிர்ந்து நடந்தேன். பதினாறாவது நாள் பழைய வரி வந்து நின்றது. வயர் இல்லை, டிஸ்க்தான் போகிறது என்று அன்றைக்கு உறுதியாகத் தெரிந்தது.

புது டிஸ்க் வேண்டும் என்று தலைமையாசிரியைக்கு எழுதிக் கொடுத்தேன். "பரீட்சை முடியட்டும்மா" என்றார். அதுவரைக்கும் எல்லாவற்றையும் பென் டிரைவில் ஒரு நகல் எடுத்து வைக்கட்டுமா என்று பெரிய கிளார்க்கிடம் கேட்டேன்.

"பள்ளிக்கூடத்து விவரம் வாசலைத் தாண்டக் கூடாது. பென் டிரைவ்லாம் ஆபீஸுக்குள்ள கொண்டாராத."

விதி தப்பு என்று சொல்ல மாட்டேன். பிள்ளைகளின் விவரம் கண்ட இடத்துக்குப் போகக் கூடாதுதான். ஆனால் நகலை உள்ளேயே பூட்டி வைக்கவும் அவர் சம்மதிக்கவில்லை. பீரோ சாவி அவர் இடுப்பில் இருந்தது.

பொதுத்தேர்வு எழுதப்போகிற பிள்ளைகளின் பெயர்ப்பட்டியல் வேலை அப்போது நடந்துகொண்டிருந்தது. இனிஷியல், பிறந்த தேதி, ஒற்று, கொம்பு என்று ஒவ்வொரு வீட்டாரையும் வரவழைத்துத் திருத்தினேன். கீழச்சிவல்பட்டியிலிருந்து ஒரு அம்மா மகளின் பேரில் இருந்த ஒரே ஒரு எழுத்துக்காக மூன்று தடவை வேலைவெட்டியை விட்டுவிட்டு வந்து போனார். மூன்றாவது தடவை திருத்தியதைத் திரையில் காட்டினேன். எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "இனிமே மாறாதுல்ல?" என்று கேட்டார். மாறாது என்று சொல்லிவிட்டேன். அந்த வெள்ளிக்கிழமை பென் டிரைவைக் கைப்பையில் போட்டுக் கொண்டுபோய் எல்லாவற்றையும் நகல் எடுத்தேன். அதன் பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் எடுத்தேன்.

ஜனவரியில் பொங்கல் லீவு முடிந்து போன அன்று மெஷின் எழவே இல்லை. எட்டுத் தடவை போட்டேன். உள்ளே டிக் டிக் என்று ஒரு சத்தம் மட்டும் கேட்டது. சர்வீஸ்காரர் முதன்முறையாகக் காலையில் வந்தார். பெட்டியைத் திறந்து டிஸ்க்கின் மேல் கையை வைத்துப் பார்த்துவிட்டு எழுந்தார். வராண்டாவில் நான் மட்டும் இருக்கும்போது சொன்னார்:

"தங்கச்சி, நீங்க மழைக்காலத்துலயே சொன்னீக. நாந்தான் ஒருநாள் காலையில வந்து பாத்திருக்கணும்."

உள்ளே பெரிய கிளார்க் என்ன ஆச்சு என்று கேட்டபோது அவர் சொன்னது வேறு. "கரண்டு ஏறி எறங்கியிருக்கும் சார். இல்லாட்டி சரியா ஆப் பண்ணாம விட்டிருப்பாக."

நான் பக்கத்தில்தான் நின்றேன். அவர் என் பக்கம் திரும்பவில்லை.

பட்டியல் அனுப்ப நாலு நாள்தான் இருந்தது. தலைமையாசிரியை தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். பேசாமல் இருந்திருக்கலாம் என்று பல தடவை நினைத்திருக்கிறேன். ஆனால் வாய் சும்மா இருக்கவில்லை. "என்கிட்ட நகல் இருக்கு டீச்சர்" என்றேன். அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். இரண்டு மாதமாக வராத டிஸ்க் மூன்று மணி நேரத்தில் வந்து சேர்ந்தது. பட்டியல் குறித்த நாளுக்குள் போனது.

அடுத்த வாரம் பெரிய கிளார்க் கையால் எழுதிய ஒரு தாளை என் மேஜையில் வைத்தார். "இதை அடிச்சுக் குடும்மா."

அது எனக்கான மெமோ. அனுமதியின்றிப் பள்ளி ஆவணங்களை வெளியே எடுத்துச் சென்றது ஏன், மூன்று நாளில் விளக்கம் தருக. ஆபீஸில் டைப் அடிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அடித்தேன். அவர் இரண்டு இடத்தில் எழுத்துப் பிழை விட்டிருந்தார். அதையும் திருத்திப் பிரின்ட் எடுத்துக் கொடுத்தேன். ஏன் திருத்தினேன் என்று இன்றைக்கும் என் மேலேயே கோபமாக வருகிறது.

தலைமையாசிரியை அதில் கையெழுத்துப் போட்டார். "சும்மா பைலுக்குத்தாம்மா, ஒரு விளக்கம் எழுதிக் குடுத்துருங்க" என்றார், பேனாவை மூடிக்கொண்டே. விளக்கத்தோடு அந்த நோட்டுப் புத்தகத்தையும் சேர்த்துக் கொடுத்தேன். யாரும் அதைப் புரட்டியதாகத் தெரியவில்லை. ஜூனில் கையெழுத்துக்குத் தாள் வரவில்லை. கேட்கப் போனேன். "வேற ஆள் பாத்தாச்சும்மா" என்றார் பெரிய கிளார்க்.

சவுதியில் இருக்கும் என் வீட்டுக்காரர் போனில், "விட்டுட்டு வேற வேலையப் பாரு" என்றார். அங்கிருந்து சொல்வது சுலபம்.

ஆறேழு மாதம் கழித்துக் காரைக்குடி பஸ் ஸ்டாண்டில் சர்வீஸ்காரர் என்னைப் பார்த்து வண்டியை நிறுத்தினார். கடைக்கு ஆள் வேண்டும், வருகிறீர்களா என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

"கோவமா தங்கச்சி?"

"அன்னைக்கு அவுக முன்னால ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ணே."

"அந்த ஊர்ல நாலு பள்ளிக்கூடத்து வேலை எனக்கு அவரு மூலமாத்தான் வருது. நீங்களே சொல்லுங்க, நான் என்ன செய்ய?"

அவர் சொன்னது எனக்குப் புரிந்தது. புரிந்ததனால் கசப்பு ஒன்றும் குறையவில்லை. இப்போது வீட்டிலேயே ஒரு பழைய லேப்டாப்பை வைத்துக்கொண்டு பத்திரமும் மனுவும் அடித்துக் கொடுக்கிறேன். யார் பிழையோடு எழுதிக் கொண்டுவந்தாலும், கேட்டுவிட்டுத்தான் திருத்துகிறேன்.