சரக்கு நகரவில்லை

மல்வேர்னில் விடியப் பஸ் ஏறி விமான நிலையத்துக்கு வேலைக்குப் போகிறவர்களில் நானும் ஒருத்தி. சரக்கு விமானங்களுக்குப் பொதி ஏற்றுவது என் வேலை. என்னோடு சோடியாக ஏற்றியவர் மோர்னிங்சைட்டில் இருந்து வரும் ஒரு அண்ணை.

ஒரு மத்தியானம் நாங்கள் ஏற்றிவிட்ட விமானம் தரையை விட்டு எழும்பவில்லை. ஓடுபாதை முடிந்தும் ஓடி, வேலியை உடைத்து, புல்லுக்குள் கிடந்து எரிந்தது. விமானிகள் இருவரும் யன்னலால் குதித்துத் தப்பினார்கள். ஒருவருக்கு முதுகெலும்பு முறிந்துவிட்டது. உள்ளே இருந்தது மீன். கருகிய மீனும் எண்ணெயும் கலந்த அந்த நாற்றம் எத்தனை முறை முழுகியும் என் தலைமயிரை விட்டுப் போகவில்லை.

அதைவிட நாறியது பிறகு நடந்ததுதான். சூப்பர்வைசர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அவரும் தமிழர். சரக்கை அசையாமல் பிடிக்கும் பூட்டுகளை அண்ணை பூட்டவில்லை, அதனால்தான் சரக்குப் பின்னால் சரிந்து, நிறை குலைந்து, விமானம் எழும்பவில்லை என்று கதை அதற்குள் கட்டியாகிவிட்டது.

"விசாரிக்க வருகினம். அவர் பூட்டினதை நீ காணேல்லை எண்டு மட்டும் சொல்லு."

"நான் கண்டனான்."

"வடிவா யோசி. உனக்கும் வேலை வேணும்." சொல்லிவிட்டு டோனட் பெட்டியை என் பக்கம் தள்ளினார். நான் அதைத் தொடாமல் எழும்பி வந்தேன்.

விசாரணைக்கு வந்த பெண்ணிடம் கண்டதைச் சொன்னேன்: அண்ணை ஒவ்வொரு பூட்டையும் காலால் உதைத்துப் பார்த்தவர் என்று. என்னை மழைக்குள் நிற்கும் வேலைக்கு மாற்றினார்கள். அண்ணையை வரவே வேண்டாம் என்றார்கள்.

கோயில் மண்டபத்தில் ஒருவர் அன்னதானச் சோற்றைக் குழைத்தபடி அண்ணையைக் கேட்டார்: "பிளேனை விழுத்தின ஆள் நீங்கள்தானே?" பக்கத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள். அண்ணை பாதிச் சாப்பாட்டில் எழும்பிப் போனார்.

கனகாலத்துக்குப் பிறகு விசாரணை அறிக்கை வந்தது. சரக்கு நகரவேயில்லை. விமானச் சக்கரங்களின் தேய்ந்த ரயர்கள் ஓட்டத்தில் வெடித்து, துண்டுகள் எஞ்சினுக்குள் போயிருக்கின்றன. ரயர்களை மாற்றச் சொல்லி மெக்கானிக் கேட்டும் நிர்வாகம் தள்ளிப்போட்டிருக்கிறது.

சூப்பர்வைசர் அண்ணைக்குப் போன் எடுத்து, குறை நினைக்காமல் திரும்பி வரச் சொன்னாராம்.

"என்ன சொன்னனீங்கள் அண்ணை?"

"உன்ர குரலைக் கேட்கவே அருவருக்குது எண்டு சொல்லிப்போட்டுப் போனை வைச்சிட்டன், தங்கச்சி."

அண்ணை இப்போது பிக்கரிங்கில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறார். சூப்பர்வைசருக்குப் பதவி உயர்வு கிடைத்தது. நான் இன்னும் அங்கேதான். காலையில் அவர் சிரித்துக்கொண்டு "குட் மோர்னிங்" சொல்லும்போது, துப்பவேண்டும் போல் வாயில் ஊறும் எச்சிலை விழுங்கிக்கொண்டு கடந்து போகிறேன்.